மேல்வீட்டுக் கடிகாரம்

"ஹலோ... ஹலோ... ரெஜான்?... உன் மக மிரெய் இல்லடா, நான்தான்... நான்தான்டா, அக்கா... கீழ்வீட்டு அக்கா. உனக்கென்ன தெருவுக்கு ஒரு அக்காவா இருக்கு?... ஏன், என் குரலைக் கேட்டதும் உன் குரல் இப்படித் தொங்கிப் போச்சு?... ஆமா, ஆமா... தெரியும், டொராண்டோவுலேர்ந்து உன் மக கூப்பிடுவா, லைனை விடணும். விடறேன். ஒரு நிமிஷம்... ஒரே ஒரு நிமிஷம்டா, தலை போயிடாது..."

சொலான்ஜ் முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மாவுக்கட்டுப் போட்ட வலது கால் எதிர் நாற்காலியில் நீட்டிக் கிடந்தது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு இருபது. எட்டு மணிக்கு வாக்குச்சாவடியை மூடிவிடுவார்கள். அதுவரை தம்பியைப் போனிலேயே கட்டிப் போட்டுவிட வேண்டும். அறுபத்து மூன்று வயதில் ஒருத்தி செய்கிற வேலையா இது என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

"சாப்பாடு காயுதுடா, அதுக்குத்தான் கூப்பிட்டேன்... ஆமா, அடியில கொத்துக்கறி, நடுவுல சோளம், மேல உருளைக்கிழங்கு மசியல்... ஆமா, போன திங்கக்கிழமையும் அதேதான். வர்ற திங்கக்கிழமையும் அதேதான். ஒத்தக் கால்ல நின்னு சமைக்கறவகிட்ட கல்யாண விருந்தா கேப்ப?... எப்பவும் குதிகாலால தரையில மூணு தட்டு தட்டுவ, 'அக்கா, வரேன்'னு. இன்னிக்கு ஒரு தட்டையும் காணோம். அதான் போனைப் போட்டேன்..."

அன்று 1995 அக்டோபர் முப்பது. கியூபெக் கனடாவை விட்டுத் தனி நாடாகப் போக வேண்டுமா, ஆமா இல்லையா என்று ஊர் முழுக்க வரிசையில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்த நாள். மாண்ட்ரியலின் அந்தத் தெருவில் போகிறவர்கள் இந்த மாடி வீட்டுக்கு முன்னால் மட்டும் நின்று சிரித்துவிட்டுப் போவார்கள். கீழ்வீட்டு வாசல் கைப்பிடிக் கம்பியில் சொலான்ஜ் கட்டிய 'ஆம்' பலகை. மேல்வீட்டுக் கைப்பிடியில் ரெஜான் கட்டிய 'இல்லை' பலகை. தன் 'ஆம்' இன்னும் ஒரு முழம் உயரத்தில் இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஸ்டூலில் ஏறியதில்தான் அவள் கணுக்கால் முறிந்தது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அந்த 'இல்லை'க்காரன்தான்.

பலகை கட்டுவதோடு சரி, ஓட்டுப் போடுவதில்லை என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம். எண்பதில் இதே மாதிரி ஒரு கேள்வி வந்தபோது அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் ஓட்டுப் போட்டார்கள். சாப்பாட்டு மேசையில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அப்புறம் இரண்டு வருஷம் முகம் பார்க்கவில்லை. கூரையிலிருந்து வரும் மூன்று தட்டும் நின்றுபோனது. நடுவில் மாட்டிக்கொண்டவள் அம்மா. 'உன் தம்பி உப்புக் கேக்கறான்', 'உன் அக்காவுக்கு வாளி வேணுமாம்' என்று வெளிப்பக்க இரும்புப் படிக்கட்டில் நோய்ப்பட்ட நெஞ்சோடு ஏறி ஏறி இறங்கினாள். ஒரு பனிக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். கல்லறையில் வைத்துத்தான் இரண்டு பேரும் வாயைத் திறந்தார்கள். இனி இந்தக் கேள்வி எப்போது வந்தாலும் ரெண்டு பேருமே போக வேண்டாம். என் ஓட்டை உன் ஓட்டு அடிக்கும், உன் ஓட்டை என் ஓட்டு அடிக்கும், எதற்கு நடந்து சாக வேண்டும்? வீட்டில் உட்கார்ந்து சீட்டு விளையாடுவோம். அம்மா மேல் ஆணை.

அந்த ஆணையைத்தான் இன்று மத்தியானம் சொலான்ஜ் உடைத்திருந்தாள். இரண்டு தெரு தள்ளி மாதா கோயில் நிலவறையில் ஓட்டுப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல வந்து உட்கார்ந்திருந்தாள். தான் நழுவியது போலக் கடைசி நேரத்தில் அவனும் நழுவிவிட்டால்? போட்ட ஓட்டு வீணாகிவிடுமே. அதற்குத்தான் இந்தப் போன்.

"டிவியா?... பாத்துக்கிட்டுதான் இருக்கேன், சத்தத்தைக் குறைச்சு வச்சிருக்கேன்... நீ பாக்கலியா?... காலையிலேர்ந்தே போடலியா?... நல்லதாப் போச்சு. அதுங்க கத்தறதைப் பாத்தா எனக்கும் தலைவலி வருது... ஆமா, எங்க ஆளுங்களையும் சேத்துத்தான் சொல்றேன். 'தனி நாடு வேணுமா'ன்னு நறுக்குன்னு கேக்கத் தெரியுதா? கேள்வியை ஒரு முழத்துக்கு எழுதி வச்சிருக்கானுங்க. படிச்சு முடிக்கறதுக்குள்ள மூக்குக்கண்ணாடியில ஆவி படிஞ்சுபோச்சு... என்ன?... எங்க படிச்சேனா?... பேப்பர்லடா! பேப்பர்ல போட்டிருந்தான். அடுப்புக்குப் பக்கத்துல வச்சுப் படிச்சேன், ஆவி படியாம என்ன செய்யும்?"

சொலான்ஜ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் பொய் சொன்னால் அளவுக்கு மீறி விவரம் சொல்வார்கள்.

"வெள்ளிக்கிழமை வந்தவங்களா?... அவங்க பேச்சை எங்கிட்ட எடுக்காத... எடுக்காதன்னா எடுக்காத. மத்த மாகாணத்துலேர்ந்தெல்லாம் பஸ்ஸுலயும் ப்ளேன்லயும் வந்து எறங்கி, தெருவடைச்சுக் கொடியை ஆட்டிக்கிட்டு, 'உங்க மேல உசுரா இருக்கோம், போயிடாதீங்க'ன்னு! இருபத்தெட்டு வருஷம் ஊருக்கு மேற்குப் பக்கம் இங்கிலீஷ்காரங்க கடையில கையுறை வித்தேன்டா நான். அந்தக் கடைக்கு வந்தவளுங்கள்ல ஒருத்தி, ஒரு நாளாவது, நம்ம பிரெஞ்சுல வணக்கம்னு ஒரு 'போன்ஷூர்' சொல்லியிருப்பாளா?... கையை நீட்டுவா, நான் மாட்டி விடணும், தேங்க்யூ மேடம்னு சொல்லணும். பக்கத்துக் கவுண்டர் பொண்ணுகிட்ட நம்ம பாஷையில ரெண்டு வார்த்தை பேசினதுக்கு என்னைத் தனியாக் கூப்பிட்டு... ஆமா, சொல்லியிருக்கேன்... ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன். ஆயிரத்தோராவது தடவையும் கேளு! எனக்கு இன்னும் எரியுதுடா. கடையை மூடி எத்தனை வருஷமாச்சு, இன்னும் எரியுது..."

"டேய், டேய்... போதும். பீடத்துல இருக்கற பாத்திரத்தையெல்லாம் ஒவ்வொண்ணாக் கீழ இறக்காத. திட்டறதுக்கு உனக்குக் கோயில் பூசைச் சாமான் பேருதான் கெடைக்குமா? அம்மா இருந்தா வாயில சோப்பைப் போட்டிருப்பா... என்ன பாஸ்போர்ட்டு?... தனி நாடானாலும் பேத்தியைப் பாக்கப் போறவனை எவன்டா நிறுத்தப் போறான்?... சரி, கேட்டா எடுத்துக் காட்டு, கை முறிஞ்சா போயிடும்?... உன் பேத்திக்குத்தான் உங்கிட்டப் பேசவே நம்ம பாஷை வராதே! பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரம் போய் என்ன பண்ணுவ, கையால ஜாடை காட்டிட்டு வருவியா?"



"ஹலோ?... இருக்கியா?... சரி... சரிடா. அதைச் சொல்லியிருக்கக் கூடாது... ஆமா, நாக்கு நீளம் எனக்கு. ஆமா... தப்புத்தான்னு சொல்றேன்ல?"

ரெஜான் முப்பது வருஷம் தபால் பை சுமந்தவன். மனைவி லிஸெட் போய் மூன்று வருஷமாகிறது. மிச்சம் இருப்பது ஒரே மகள் மிரெய். அவளும் இங்கிலீஷ்காரனைக் கட்டிக்கொண்டு டொராண்டோவில் குடித்தனம். இங்கிலீஷ் மட்டுமே பேசும் நாலு வயதுப் பேத்தியோடு பேசுவதற்காக ரெஜான் ராத்திரிகளில் உட்கார்ந்து இங்கிலீஷ் படக்கதைப் புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படிப்பது சொலான்ஜுக்குத் தெரியும். கூரை வழியாகக் கேட்கும். தெரிந்தே குத்தியதுதான் அவளுக்கு உறுத்தியது.

"என்ன கேட்ட?... யாரு ஜெயிச்சதா?... கேலி பண்றியா?... எண்ண ஆரம்பிச்சிருப்பாங்களாவா? டேய், குடிச்சிருக்கியா?... பின்ன என்ன உளர்ற?... சாவடி மூடி அரை மணி ஆச்சா? யாரு சொன்னா?... கடிகாரமா... எந்தக் கடிகாரம்?..."

அவள் கண் தன் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. அங்கிருந்து டிவிக்குப் போனது. வரிசையில் நிற்கும் கூட்டத்தை இன்னும் காட்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மெதுவாக அவளுக்கு விளங்கியது.

சனிக்கிழமை ராத்திரி ஊரே கடிகார முள்ளை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்திருந்தது. இலையுதிர் காலத்தில் வருஷா வருஷம் செய்கிற வேலை. மேல்வீட்டில் அடுப்புக்கு மேலே தொங்கும் கடிகாரத்தை லிஸெட் இருந்தவரை லிஸெட் திருப்புவாள். அவள் போன பிறகு சொலான்ஜ் படியேறிப் போய்த் திருப்பி வைப்பாள். இந்த வருஷம் அவள் கால் மாவுக்கட்டில் கிடக்க, அந்த முள்ளைத் தொட ஆளில்லை. நாடு பிரிகிறதோ இல்லையோ, ரெஜான் ஒருத்தன் மட்டும் நேற்றிலிருந்து தனி நேரத்தில் தனிக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான்.

சொலான்ஜுக்குச் சிரிப்பு முட்டியது. இவ்வளவு நேரம் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தியதெல்லாம் எதற்கு? அவன் கணக்கில் ஓட்டுப்பதிவு முடிந்து சாம்பலும் ஆறிவிட்டது. பேசாமல் போனை வைத்துவிடலாம்.

"ஆங்... ஆமா, ஆமா, எண்ணிக்கிட்டிருப்பாங்க. எவன் ஜெயிச்சா நமக்கென்ன... சரி, நான் வைக்கட்டுமா? உன் மக கூப்பிடுவால்ல... என்ன?... கூப்பிட மாட்டாளா? நீதானடா இப்ப லைனை விடு, லைனை விடுன்னு குதிச்ச... எட்டு மணிக்குள்ள கூப்பிடுவான்னு சொன்னாங்களா?... பாப்பாவைக் குளிப்பாட்டிட்டு... ம்... சரி, வேலை இருந்திருக்கும்... இல்ல, அப்படியெல்லாம் நினைக்காத... ரெஜான், நான் வைக்கறேன்... வைக்க வேணாமா?... சரி. வைக்கல. சொல்லு..."

கொஞ்சம் முன்னால் அவள் அவனை விடவில்லை. இப்போது அவன் அவளை விடவில்லை.

"காலையில சண்டையா? மிரெய்கூடவா?... எங்கிட்ட ஏன் சொல்லல?... என்ன சண்டை?... ஓட்டா?... 'அப்பா, எங்களுக்காக ஒரே ஒரு தடவை போய் இல்லைன்னு போட்டுட்டு வாங்க'ன்னு கேட்டாளா... கெஞ்சினாளா... அழுதாளா?... ம்... ம்... நீ என்ன சொன்ன?... டேய், பேச்சை மாத்தாத. நீ என்ன சொன்ன?"

அவன் சொன்னான். சொலான்ஜ் ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். பிறகு மறுபடி காதில் வைத்தாள்.

"'அக்காவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன், அவளால கால் எடுத்து வைக்க முடியாத நேரத்துல நான் மட்டும் போனா அது துரோகம்'னு சொன்னியா... அதுக்கு அவ?... 'உங்களுக்கு எங்களைவிட உங்க அக்கா பெருசாப் போயிட்டா'ன்னு போனை வச்சுட்டாளா... அப்புறம் மாப்பிள்ளைதான் கூப்பிட்டு, எட்டு மணிக்குள்ள பேசச் சொல்றேன்னாரா... ம்... உங்க இல்லைக்கட்சி ஆளுங்களும் வந்தாங்களா?... மூணு தடவை காரோட வந்தாங்களா?... மூணு தடவையும் விரட்டி விட்டியா... ஏன்டா?... ஏன்டா நீ இப்படி யோக்கியனா இருந்து என் உசுர வாங்கற?... ஒண்ணுமில்ல... ஒண்ணும் சொல்லலன்னு சொன்னேன்ல!"

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. தன் மேல் வர வேண்டிய கோபம், வழி தெரியாமல் அவன் மேலேயே போய் விழுந்தது. ஒரு சின்ன அயோக்கியத்தனம் அவனும் பண்ணியிருக்கக் கூடாதா? ஒரு தம்பி என்றால் அக்காவுக்கு அந்த அளவாவது ஒத்தாசையாக இருக்க வேண்டாமா?

மேலே அவன் தன் பொய்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, மகள் கைவிட்டுவிட்டாள் என்று உட்கார்ந்திருக்கிறான். 'இன்னும் எட்டு ஆகலடா' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் மனசு அடங்கிவிடும். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் சாவடியும் திறந்துதான் இருக்கிறது என்று ஆகிவிடும். மகளின் அழுகை காதில் இருக்கும்போது எந்த அப்பன் எழுந்து போகாமல் இருப்பான்? டிவியில் ஒருத்தன் இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்து, இவ்வளவுதான் வித்தியாசம் இருக்கும் என்று காட்டிக்கொண்டிருந்தான். மணி ஏழே முக்கால்.

"என்ன சத்தம்?... மூக்கை உறிஞ்சற... ஜலதோஷமா?... பொய் சொல்லாத, எனக்குத் தெரியாதா உன் ஜலதோஷம்?... டேய், அழாதடா. அறுபது வயசு ஆம்பள... ரெஜான்... ராசா, அழாத. கேளு. நான் சொல்றதக் கேளு. சேசுவே, எனக்கு ஏன் இப்படி ஒரு சோதனை... உனக்கில்லடா, மேல இருக்கறவருகிட்டச் சொல்றேன். உன் கடிகாரம் தப்பு... தப்புடா! சனிக்கிழமை ராத்திரி முள்ளத் திருப்பினியா?... இலை கொட்டற காலத்துல ஊரெல்லாம் திருப்புவாங்களே, நீ திருப்பினியா?... அதான். மணி எட்டே முக்கால் இல்ல. ஏழே முக்கால். உன் மக இன்னும் பாப்பாவைக் குளிப்பாட்டிக்கிட்டுதான் இருப்பா... நான் எதுக்குப் பொய் சொல்றேன்? டிவியைப் போட்டுப் பாரு. போ. போய்ப் பாரு..."

தலைக்கு மேலே நாற்காலி இழுபட்டது. பாதங்கள் ஓடின. டிவிச் சத்தம் திடீரென்று எழுந்து கூரை அதிர்ந்தது. பிறகு ஒரு சிரிப்பு. லிஸெட் போன பிறகு அந்தச் சிரிப்பைச் சொலான்ஜ் கேட்டதே இல்லை.

"பாத்தியா?... ஆமா... ஆமா, முட்டாள்தான், நான் வேற சொல்லணுமா?... கூப்பிடுவா, கண்டிப்பாக் கூப்பிடுவா... ம்?... ஆமா. சாவடி இன்னும் திறந்துதான் இருக்கு... எட்டு வரைக்கும்... அதுக்கென்ன இப்ப?... நீ என்ன சொல்ற?..."

அவள் காத்திருந்தாள். மாவுக்கட்டுக்குள் கால் வியர்த்து அரித்தது.

"...சீட்டுக்கட்டா?... மிரெய்கிட்டப் பேசிட்டு, சீட்டுக்கட்டை எடுத்துக்கிட்டுக் கீழ வரியா... அவ்வளவுதானா?... போய் ஓட்டுப் போடணும்னு தோணலியா உனக்கு?... 'வாக்குன்னா வாக்கு'... 'நீ பாவம், உன்னால நகரக்கூட முடியாது'... நிறுத்து. ரெஜான், நிறுத்து... நிறுத்துடா! நான் போட்டுட்டேன்!"

கூரைக்கு மேலே டிவி அணைந்தது.

"ஓட்டு. ஓட்டுப் போட்டுட்டேன்... இன்னிக்குத்தான். மத்தியானம்... எப்படியா? நாற்காலியோட தூக்கிக்கிட்டுப் போனாங்க. ஆம்கட்சிப் பசங்க நாலு பேரு... ஆமா, இந்த நாற்காலிதான்... ஆமா, தேர்ல மாதா சுரூபத்தைத் தூக்கற மாதிரி. தெருவே பாத்துச்சு, நீ ஒருத்தன்தான் பாக்கல... நீ மருந்துக் கடைக்குப் போயிருந்த... ஆமா. எனக்கு மாத்திரை வாங்கத்தான். தெரியும். நீ சொல்லாத, எனக்கே தெரியும்... ஏன்னா கேக்கற?... இந்தத் தடவை ஜெயிச்சிடும்னு எல்லாரும் சொன்னாங்கடா. நான் இல்லாமலே ஜெயிச்சிடுமோன்னு பொறுக்க முடியல. சாகறதுக்குள்ள ஒரு தடவை அந்தப் பக்கம் என் கையால ஒரு கோடு... வேற ஒண்ணுமில்ல... அம்மா பேரை இழுக்காத... இல்ல, இழு. இழுக்கலாம். உனக்கு உரிமை இருக்கு..."

"ரெஜான்?... பேசு... திட்டு. பூசைப் பாத்திரம் எல்லாத்தையும் இறக்கு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்... பேசுடா. நீ பேசாம இருந்தா எனக்கு எண்பது ஞாபகம் வருது... சரி, பேச வேணாம், எழுந்திரு. எழுந்து கோட்டை மாட்டு. பத்து நிமிஷம் இருக்கு. ரெண்டு தெருதான், நீ தபால்காரன், ஓடு. போய் என் ஓட்டை அடிச்சிட்டு வா... என்னது, மாட்டியா?... ஏன்?... யாரு கேட்டா உன் பெருந்தன்மையை? உனக்குச் சுரூபம் செஞ்சு கோயில்ல வைக்கப் போறாங்களா?... உன் மக அழுதால்ல, அவளுக்காகப் போ. பாப்பாவுக்காகப் போ... டேய், நான் ஆம்கட்சிடா! ஒரு ஆம்கட்சிக்காரி உன்னை இல்லைன்னு போடச் சொல்லிக் கெஞ்சறேன், இதுக்கு மேல என்னை என்ன செய்யச் சொல்ற?... நாளைக்கு நாங்க ஜெயிச்சா அந்த ஜெயிப்பை நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கொண்டாடுவேன்? போடா! போன்னா போ!"

ஊன்றுகோலை எடுத்துக் கூரையில் ஓங்கி இடித்தாள். சுண்ணாம்பு பொலபொலவென்று அவள் தலையில் உதிர்ந்தது.

"கேட்டுச்சா?... இன்னொரு தடவை இடிக்கவா?... வீடு நம்ம தாத்தா கட்டினதில்ல, இடிஞ்சா இடியட்டும்... ரெஜான்?... ஹலோ?... ஹலோ..."

லைன் அறுந்துவிட்டது.

அவள் ரிசீவரைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். மேலே பாதங்கள் நடந்தன. அலமாரி திறந்து மூடியது. வாசற்கதவு படாரென்று சாத்திக்கொண்டது. இரும்புப் படிக்கட்டு அதிர ஆரம்பித்தது. ஜன்னலுக்கு வெளியே முதலில் கோட்டின் விளிம்பு தெரிந்தது, பிறகு கால்கள் தெரிந்தன. பூட்ஸ் போடக்கூட நேரமில்லாமல் வீட்டுச் செருப்போடு இறங்கிக்கொண்டிருந்தான். போகிறான். நிஜமாகவே போகிறான்.  நாடு கைநழுவிப் போகிறதே என்று வருத்தப்பட வேண்டிய நேரத்தில் அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

அப்போது மேல்வீட்டில் போன் அடித்தது.

செருப்புகள் அவள் ஜன்னலுக்கு நேராக நின்றன. போன் மறுபடி அடித்தது. சொலான்ஜ் ஜன்னலைத் தூக்கித் திறந்தாள். குளிர் முகத்தில் அறைந்தது.

"போடா! நான் இங்கேர்ந்து போன் பண்ணி அவளை மறுபடி கூப்பிடச் சொல்றேன்! அஞ்சு நிமிஷம் இருக்கு, போ!"

எதிர்வீட்டு மாடியில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஆம்கட்சிக்காரர் ஒருவர் குனிந்து பார்த்தார். 'ஆம்' பலகைக்கு மேலே தலையை நீட்டி 'இல்லை'க்காரனை ஓட்டுப் போட விரட்டிக்கொண்டிருந்தவளை அவர் என்ன நினைத்தாரோ. போன் இன்னொரு முறை அடித்தது. செருப்புகள் கீழே ஒரு படி வைத்தன. நின்றன. பிறகு திரும்பின. இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஏறின. அடித்துக்கொண்டிருந்த போன் பாதியில் நின்றது.

"கழுதை," என்றாள் சொலான்ஜ், செத்துப்போன ரிசீவரிடம். "சுத்தக் கழுதை."

கூரை வழியாக அவன் குரல் வந்தது. முதலில் தாழ்ந்த குரலில் மகளோடு கொஞ்ச நேரம். பிறகு சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி எடுத்த இங்கிலீஷ். கரடி என்றான், குளியல் என்றான், தாத்தா என்றான். அந்தப் பக்கம் யாரோ சிரித்திருக்க வேண்டும், இவனும் சிரித்தான். டிவியில் எட்டு மணி அடித்தது. நிலவறைக் கதவுகளை இழுத்து மூடுவதைக் காட்டினார்கள்.

ஆக, சொலான்ஜ் ஜெயித்துவிட்டாள். ஊர் என்ன சொல்லப் போகிறதோ தெரியாது, இந்த ஒரு வீட்டுக்குள் ஒன்றுக்குச் சைபர் என்று ஆம்கட்சி ஜெயித்துவிட்டது. அவ்வளவு கேவலமாக அவள் எதிலும் தோற்றதில்லை. ரிசீவரை அதன் இடத்தில் வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மேலே பேச்சு நின்றது. போனை வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. டிவியில் முதல் எண்கள் வர ஆரம்பித்தன. அவள் பார்க்கவில்லை. எண்பதிலும் இப்படித்தான் ஆரம்பித்தது, இதே நாற்காலியில், இதே கூரையைப் பார்த்துக்கொண்டு. அப்போது படியேறிப் போய்ப் பேச அம்மா இருந்தாள்.

தலைக்கு மேலே ஒரு தட்டு விழுந்தது.

ரொம்ப நேரம் கழித்து இரண்டாவது விழுந்தது. வேண்டுமென்றே தாமதிக்கிறான், பாவி. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பார்த்தாள்.

மூன்றாவதும் விழுந்தது.

சொலான்ஜ் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, ஊன்றுகோலைக் கக்கத்தில் வைத்து, ஒற்றைக் காலில் குதித்துச் சமையலறைக்குப் போனாள். அடுப்பைத் திறந்து பார்த்தால் உருளைக்கிழங்கு மசியல் மேலெல்லாம் கருகியிருந்தது. கருகட்டும். அவன் குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவான்.